ஐ.வி.யு. படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்: அது சிறுநீர்த் தொகுதியில் எதைக் காட்டும்?

கேள்வி: ஒட்டுசுட்டான் மகன்

வணக்கம். என் தகப்பனாருக்கு 58 வயது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயல் செய்கிறார். கொஞ்சக் காலமாக வலது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை இறங்கும் வலி விட்டு விட்டு வருகிறது. இடையில் ஒரு தடவை சிறுநீர் சிவந்தும் போனது. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்து பார்த்தவர்கள், வலது சிறுநீரகம் உள்ளே சற்று விரிந்திருக்கிறது, ஆனால் அடைப்பு எந்த இடத்தில் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதன் பின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் ஐ.வி.யு. என்னும், நாளத்தில் 'டை' ஊசி ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே படத்துக்குத் துண்டு தந்து, அதற்கு முன் இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) பார்த்து வரும்படி சொன்னார்கள். சன நெரிசலில் வேறொன்றும் கேட்க முடியவில்லை.

ஸ்கானில் தெரியாதது இந்தப் படத்தில் எப்படித் தெரியும் என்பதை விளங்கிக்கொள்ள விரும்புகிறேன். அப்பாவின் வலது இடுப்புக்குள் 2009ஆம் ஆண்டு பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அது படத்துக்கு இடைஞ்சலாகுமா? அவர் நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை எடுப்பவர், இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும். 'டை' ஊசி சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும் என்று அயலில் இரண்டு பேர் சொல்லி, அப்பா இப்போது போக மறுக்கிறார். வவுனியாப் பக்கத்தில் பலருக்கு வந்திருக்கும் சிறுநீரக நோய் இவருக்கும் இருக்கிறதா என்பதை இந்தப் படம் சொல்லுமா என்பதும் வீட்டில் எல்லோருடைய கேள்வி.

பதில் 1: ஓய்வுபெற்ற கதிர்ப்படப்பிடிப்பாளர்

தம்பி, வைத்தியசாலைகளின் ஊடுகதிர்ப் பகுதிகளில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மருந்துகளைப் பற்றி இங்குள்ள வைத்தியர் யாராவது சொல்வது நல்லது.

சிறுநீரகங்கள் இரண்டும் வயிற்றறையின் பின்சுவரை ஒட்டி, குடல்களுக்குப் பின்னால், கடைசி நெஞ்சு முள்ளெலும்பு முதல் மூன்றாவது நாரி முள்ளெலும்பு வரையான உயரத்தில் இருக்கின்றன. வலது பக்கத்தில் ஈரல் இடம் பிடித்திருப்பதால் வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுக் கீழே இருக்கும். வளர்ந்த ஒருவரில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் நீளம். வெளிப்புறமான மேற்பட்டையிலும் அதற்கு உள்ளே கூம்பு கூம்பாக அமைந்த மையவிழையத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் இரத்தத்தை வடிகட்டுகின்றன. வடிந்து வரும் சிறுநீர் கூம்புகளின் நுனியிலிருந்து சிறு கிண்ணங்களுக்குள் சொட்டுகிறது. சிறு கிண்ணங்கள் சேர்ந்து இரண்டு மூன்று பெரிய கிண்ணங்களாகி, அவையும் சேர்ந்து புனல் வடிவான சிறுநீரக இடுப்பாகின்றன. அந்தப் புனலின் வால்தான் சிறுநீர்க்கான். 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை நீளமான அந்த மெல்லிய குழாய், இடுப்புத் தசையின் மேலாக, நாரி முள்ளெலும்புகளின் பக்கக் கிளைகளின் நுனியை அண்டி இறங்கி, இடுப்பெலும்புக்குள் வளைந்து, சிறுநீர்ப்பையின் பின்கீழ்ப் புறத்தில் சாய்வாக நுழைகிறது.

அல்ட்ராசவுண்டின் மட்டுப்பாடு இந்தக் குழாயில்தான் இருக்கிறது. சிறுநீரகத்தையும் நிறைந்த சிறுநீர்ப்பையையும் ஸ்கான் நன்றாகவே காட்டும். ஆனால் நடுவில் உள்ள சிறுநீர்க்கானின் பெரும் பகுதி குடல் வாயுவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அந்த ஒலியலை வாயுவைத் தாண்டிப் போகாது. சிறுநீரகக் கல் இறங்கி நிற்பதோ பெரும்பாலும் அந்த நீளத்திலேதான். சிறுநீர்க்கானில் இயல்பாகவே ஒடுக்கமான இடங்கள் மூன்று: புனலும் குழாயும் சந்திக்கும் இடம், இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். மூன்றாவதுதான் மிக ஒடுக்கமானது. உங்கள் அப்பாவின் வலி விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்குகிறது என்கிறீர்கள். ஏதோ ஒன்று இந்தப் பாதையில் நிற்கிறது என்று வைத்தியர் சந்தேகிப்பதில் வியப்பில்லை.

ஐ.வி.யு. செய்யும் முறை இதுதான். முதலில் ஊசி ஏதும் போடாமல், சிறுநீரகங்களின் மேல் முனை முதல் முன் இடுப்பெலும்பு வரை ஒரு வெற்றுப் படம் எடுக்கப்படும். இந்தப் படத்தை அலட்சியமாக எடுத்துவிட்டு ஊசியைப் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பெரும் பிழை. கல்சியம் கலந்த கல் எலும்பைப் போல வெள்ளையாகத் தெரியும். பின்னர் ஏற்றும் கொன்ட்ராஸ்ட் மருந்தும் (நீங்கள் 'டை' என்பது இதைத்தான்) வெள்ளையாகவே தெரியும் என்பதால், மருந்துக்கு முன் பார்க்காத கல்லை மருந்துக்குப் பின் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அடுத்து, அயடீன் பிணைந்த அந்த மருந்து கை நாளத்தில் ஏற்றப்படும். வளர்ந்தவருக்கு வழக்கமாக 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை. அது சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, நுண்குழாய்களால் திரும்ப உறிஞ்சப்படாமல், சிறுநீரோடு செறிந்து இறங்குகிறது. எனவே முதல் நிமிடத்தில் சிறுநீரகத்தின் சதை முழுவதும் வெளுத்துத் தெரியும். ஐந்தாவது நிமிடமளவில் கிண்ணங்களும் புனலும் நிரம்பும். பின்னர் சிறுநீர்க்கான்களும், பதினைந்து இருபது நிமிடமளவில் சிறுநீர்ப்பையும் தெரியும். இறுதியில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மீண்டும் ஒரு படம். கிண்ணங்கள் நன்றாக நிரம்புவதற்காக அடிவயிற்றில் ஒரு பட்டியை இறுக்குவதும் உண்டு. ஆனால் ஏற்கெனவே அடைப்புள்ளவருக்கும், அண்மையில் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவருக்கும், வயிற்றுப் பெருநாடி வீங்கியவருக்கும் அதைக் கட்டக் கூடாது.

அடைப்புள்ள பக்கத்தில் இந்தக் கால அட்டவணை குழம்பும். அந்தச் சிறுநீரகம் மெதுவாக, ஆனால் அடர்த்தியாக வெளுத்து, புனலில் மருந்து சேர நெடுநேரம் எடுக்கும். அப்போது ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், சில வேளை அதற்கும் மேலே காத்திருந்து பிந்திய படங்கள் எடுப்போம். மருந்து எந்த இடம் வரை இறங்கி நிற்கிறதோ அதுவே விடை. ஆதலால் மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு வர வேண்டாம்; மாலை வரை நிற்க வேண்டியிருக்கலாம் என்று அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி ஷெல் துண்டு. வன்னியில் ஊடுகதிர்ப் பகுதியில் வேலை செய்த எவருக்கும் இது புதினமில்லை. படத்தில் உலோகத் துண்டு தெரியாத நாள் குறைவு. உலோகம் கல்லைவிட மிக அடர்த்தியாக, கூர் விளிம்போடு தெரிவதால் பெரிய துண்டைக் கல்லோடு யாரும் குழப்ப மாட்டார்கள். அரிசி மணி அளவிலான சிறு சிதறல் சிறுநீர்க்கானின் பாதைக்கு நேரே விழும்போதுதான் சங்கடம். அப்போது சாய்வாகத் திருப்பி ஒரு படம் எடுப்போம்: பாதைக்குள் இருக்கும் பொருள் எந்தக் கோணத்திலும் மருந்து நிரம்பிய குழாயோடு சேர்ந்தே தெரியும், தசைக்குள் இருப்பது விலகிவிடும். சிறுநீரகத்துக்கு நேரே தெரிவதென்றால் மூச்சை உள்ளிழுத்து ஒன்று, வெளிவிட்டு ஒன்று எடுத்தால் போதும்; சிறுநீரகம் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும், முதுகுத் தசையில் தைத்திருப்பது அதனோடு நகராது. அப்பாவைப் படத்துக்குக் கூட்டிச் செல்பவர் துண்டு எந்தப் பக்கத்தில், ஏறக்குறைய எந்த இடத்தில் என்பதை மேசையில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். புதிய படத்தோடு ஒப்பிட அதைவிடப் பயனுள்ளது வேறொன்றுமில்லை.

முதல் நாள் தரும் பேதி மருந்தைத் தவறவிடாதீர்கள். குடலில் மலமும் வாயுவும் நிறைந்திருந்தால் எல்லாம் மறைந்துபோகும்.

பதில் 2: கிளினிக் வைத்தியர், வவுனியா

மேலே ஐயா எழுதியதற்குப் படத்தைப் பொறுத்தவரை நான் சேர்க்க அதிகம் இல்லை. மருந்தைப் பற்றிய பயங்களில் எது நியாயமானது, எது வீண் என்று சொல்கிறேன்.

இறால் ஒவ்வாமையிலிருந்து தொடங்குவோம், முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இந்தக் கேள்வி இல்லாத கிளினிக் நாள் கிடையாது. இறாலும் நண்டும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது அவற்றின் சதையில் உள்ள ஒரு புரதத்தால், அயடீனால் அல்ல. அயடீன் நம் உப்பிலும் இருக்கிறது, தைரொயிட் சுரப்பியிலும் இருக்கிறது. ஆகவே இறால் ஒவ்வாமை மட்டும் இந்தப் பரிசோதனைக்குத் தடையாகாது. முன்னர் இதே வகையான கொன்ட்ராஸ்ட் மருந்துக்கு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, ஆஸ்துமா இருக்கிறதா என்பவைதான் முக்கியமான கேள்விகள். ஆனாலும் இறால் விடயத்தை மறைக்காமல் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்வார்கள்.

ஊசி ஏறும்போது உடம்பெங்கும் ஒரு சூடு பரவுவதும், வாயில் உலோகச் சுவை வருவதும், சிறுநீர் கழிந்துவிட்டது போன்ற உணர்வும் இயல்பானவை. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். தோல் தடிப்பது, தும்மல், தொண்டை இறுகுவது, மூச்சு வாங்குவது ஆகியவை வேறு வகை. உடனே சொல்ல வேண்டும். கடுமையான எதிர்விளைவு அரிது, ஆனால் வந்தால் நிமிடங்களுக்குள் வரும். அதனால்தான் கையில் ஏற்றிய ஊசிக் குழாயைப் படம் முடிந்தும் சிறிது நேரம் கழற்றாமல் வைத்து, அரை மணித்தியாலமாவது அங்கேயே இருத்துகிறார்கள். அட்ரினலின் பக்கத்தில் தயாராக இருக்கும். பழைய வகை மருந்துகளின் செறிவு இரத்தத்தின் செறிவைப்போல் ஐந்து மடங்களவில் இருந்தது. இப்போது பெரும்பாலும் பயன்படும் அயனற்ற வகைகள் அதைவிட மிகக் குறைந்த செறிவுள்ளவை, எதிர்விளைவும் குறைவு.

சிறுநீரகம் பழுதாகும் என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் பொருந்துவதல்ல. ஏற்கெனவே வடிகட்டும் திறன் வெகுவாகக் குறைந்தவர்களுக்கே ஆபத்து குறிப்பிடத்தக்கது. கிரியற்றினினையும் வயதையும் வைத்துக் கணிக்கும் ஈ.ஜி.எப்.ஆர். என்னும் அளவு 30க்குக் கீழே இருந்தால் மிகவும் யோசித்தே இந்த மருந்தைக் கொடுப்போம். அத்தகையவரில் சிறுநீரகம் மருந்தைச் சரியாகச் செறிக்காது என்பதால் ஐ.வி.யு. படமும் மங்கலாகவே வரும், அதாவது ஆபத்தை ஏற்றுக்கொண்டும் பயன் கிடைக்காது. உங்கள் வைத்தியர் முதலில் கிரியற்றினின் கேட்டது இதற்காகத்தான். அந்த ரிப்போட் இல்லாமல் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், அனுப்புவதும் சரி.

மெற்போமின் தனியே சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் திடீரென்று இயங்காமல் போனால் அந்தக் குளிசை உடலில் தேங்கி இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடும் என்பதே கவலை. ஈ.ஜி.எப்.ஆர். 30க்கு மேலே, வேறு பிரச்சினை இல்லாதவருக்கு நிறுத்தத் தேவையில்லை என்பதே இன்றைய வழிகாட்டல்களில் பரவலாக ஏற்கப்பட்ட நிலை. 30க்குக் கீழே இருப்பவர் ஊசியன்று நிறுத்தி, 48 மணித்தியாலங்களின் பின் கிரியற்றினின் பார்த்துத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். சில இடங்களில் எல்லோரையும் நிறுத்தச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். இரண்டு நாள் நிறுத்துவதால் பெரிய தீங்கு வராது. நீரிழிவுக்காரர் வெறுவயிற்றில் நெடுநேரம் காத்திருப்பதுதான் எனக்குக் கவலை. காலையில் முதல் ஆளாக எடுக்கும்படி கேளுங்கள், கையில் ஏதாவது இனிப்பு வைத்திருங்கள். உணவைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள், வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் தண்ணீரைத் தவிர்க்க வேண்டாம். வெயில் காலத்தில் வயலில் நின்றுவிட்டு, தண்ணீரும் குடியாமல், ஒட்டுசுட்டானிலிருந்து பஸ்ஸில் வந்து இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல.

இனிக் கடைசிக் கேள்வி. காரணம் உறுதியாகக் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. அதன் எல்லையை ஒட்டிய வவுனியா மாவட்டத்திலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் நோயாளர்கள் இருக்கிறார்கள். அந்த நோய் தாக்குவது வடிகட்டும் சதைக்குள் இருக்கும் நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும்தான். கிண்ணமும் புனலும் சிறுநீர்க்கானும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். குளத்தில் நீர் குறைந்திருப்பதை வாய்க்காலைப் படம் எடுத்து அறிய முடியாது. அதற்குக் கிரியற்றினினும், சிறுநீரில் புரதமும், சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதா என்று அறிய அல்ட்ராசவுண்டும் போதும். உங்கள் அப்பாவின் ஸ்கானில் ஒரு பக்கம் மட்டும் விரிந்திருக்கிறது. அந்த நோய் இரு பக்கத்தையும் ஒன்றாகத் தாக்குவது. வலியும் அதன் வழக்கமான அறிகுறி அல்ல, பலருக்கு அது பிந்திய நிலை வரை எதையும் காட்டுவதேயில்லை. ஆகவே ஐ.வி.யு. சரியாக வந்தால் அந்த நோய் இல்லை என்றும், பிழையாக வந்தால் அந்த நோய் இருக்கிறது என்றும் வீட்டில் முடிவு கட்ட வேண்டாம்.

பதில் 3: விசுவமடு ஆசிரியை

என் மகனுக்கு இரண்டு வயதுக்குள் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று மீண்டும் மீண்டும் வந்தபோது எம்.சி.யு.ஜி. என்ற படம் எடுத்தார்கள். அதிலும் கொன்ட்ராஸ்ட் மருந்துதான் பயன்பட்டது, ஆனால் நாளத்தில் ஊசியாக ஏற்றாமல், சிறுநீர்வழியால் மெல்லிய குழாய் செலுத்திப் பைக்குள் நிரப்பினார்கள். பிள்ளை சிறுநீர் கழிக்கும் அந்த வேளையில்தான் முக்கியமான படத்தை எடுத்தார்கள். ஏன் கழிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் எனக்கே விளங்கவில்லை என்றால் மற்றத் தாய்மார் என்ன செய்வார்கள் என்று நினைத்ததுண்டு. பின்னர் படித்தறிந்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் வைத்தியர் திருத்தட்டும்.

சிறுநீர்க்கான் பையின் சுவருக்குள் நேராக அன்றிச் சாய்வாக நுழைந்து, சுவருக்குள்ளேயே சிறிது தூரம் ஓடிப் பின்னர் திறக்கிறது. பை நிரம்பி, சுவர் இழுபட்டு, உள்ளிருக்கும் அழுத்தம் கூடும்போது அந்தச் சாய்வான துண்டு நசுங்கி மூடிக்கொள்வதால் சிறுநீர் மேலே திரும்புவதில்லை. சில பிள்ளைகளில் அந்தத் துண்டு குட்டையாக அமைந்துவிடுகிறது. கழிக்கும்போதுதான் பையின் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். ஆகவே நிரப்பும்போது தெரியாத பின்னோட்டம் கழிக்கும்போது தெரியவரலாம். சிறுநீர்க்கானின் அடிப்பகுதிக்கு மட்டும் ஏறினால் முதலாம் தரம், கிண்ணங்கள் எல்லாம் உப்பி, குழாய் நெளிந்து போகும் அளவுக்கு ஏறினால் ஐந்தாம் தரம். ஆண் பிள்ளை என்றால் சிறுநீர்வழியின் பின்பகுதியில் பிறவியிலேயே தடுப்புச் சவ்வு இருக்கிறதா என்பதையும் அதே வேளையில் பார்க்கிறார்கள்.

தொற்று இருக்கும்போது இந்தப் படத்தை எடுக்கக் கூடாது, குழாயோடு கிருமி மேலே போய்விடும் என்பதால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். குழந்தை அழுவான், தாய் அருகில் நிற்க விரும்பினால் கர்ப்பமாக இல்லை என்று உறுதியாக இருக்க வேண்டும், ஈயக் கவசம் அணிய வேண்டும். என் மகனுக்கு இரண்டாம் தரப் பின்னோட்டம். சத்திரசிகிச்சை ஏதுமின்றி, வளர வளரச் சரியாகிவிட்டது.

பதில் 4: செட்டிகுளம் வாசகர்

வைத்தியர் ஐயாவிடம் ஒரு கேள்வி, தலைப்பை விட்டு விலகவில்லை என்று நினைக்கிறேன். என் அண்ணா முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருப்பவர். பல வருடங்களாகக் கதீட்டரில்தான் சிறுநீர் போகிறது. அண்மையில் கதீட்டர் மாற்றும்போது குழாய் உள்ளே போக மறுத்து இரத்தம் வந்தது. அவருக்கும் சிறுநீர்வழிப் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவருக்கு இந்த ஐ.வி.யு. போதாதா?

பதில் 5: கிளினிக் வைத்தியர், வவுனியா

ஆசிரியை எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை.

செட்டிகுளம் வாசகருக்கு: ஐ.வி.யு. சிறுநீர்ப்பை வரையே நம்பிக்கையாகக் காட்டும். பைக்குக் கீழே உள்ள வழியை அது காட்டாது. பெண்களில் அந்த வழி 4 சென்ரிமீற்றர் அளவே. ஆண்களில் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். பையின் கழுத்திலிருந்து புரொஸ்ரேற் சுரப்பியின் நடுவால் சென்று, இடுப்புத் தளத் தசையைத் துளைத்து, பின்னர் வளைந்து ஆணுறுப்பின் நீளம் முழுவதும் ஓடுகிறது. நெடுங்காலம் கதீட்டர் இருந்தவர்களில் அந்த வளைவில் தழும்பு விழுந்து வழி ஒடுங்குவது அடிக்கடி காண்பது. அதைப் பார்க்க, வெளித் துவாரத்தினால் கொன்ட்ராஸ்ட் மருந்தை மெதுவாகச் செலுத்தி, உடலைச் சாய்வாகத் திருப்பிப் படம் எடுக்கிறோம். ஒடுக்கத்தின் நீளத்தையும் இடத்தையும் அறியாமல் மீண்டும் மீண்டும் கதீட்டரை நெருக்கிச் செலுத்தினால் அது சுவரைத் துளைத்துப் பொய்வழி உண்டாகும். இடுப்பெலும்பு முறிந்து, துவாரத்தில் இரத்தம் தெரியும் விபத்து நோயாளியிலும் இதே விதிதான்: படம் முதலில், கதீட்டர் பிறகு.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே வடம் பாதிக்கப்பட்டவர்களில், பையை வேகமாக நிரப்பும்போது இரத்த அழுத்தம் திடீரென உச்சத்துக்கு ஏறி, கடும் தலையிடியும் முகத்தில் வியர்வையும் வரலாம். காயத்தின் மட்டம் எது என்பதை எழுதிய பழைய கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டு போய்க் காட்டுங்கள்.

பதில் 6: ஒட்டுசுட்டான் மகன்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் கிரியற்றினின் வந்துவிட்டது, பரவாயில்லை என்று சொன்னார்கள், ஈ.ஜி.எப்.ஆர். 70க்கு மேலே. அவர் போகச் சம்மதித்துவிட்டார். ஆனால் கொழும்பில் இருக்கும் மச்சான் ஐ.வி.யு. பழைய காலத்துப் படம், தனியாரிடம் சி.ரி. எடுங்கள், இல்லாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று சொல்லிக் குழப்புகிறார். அப்பா இளமையில் சுருட்டுப் பிடித்தவர், இப்போது நிறுத்திவிட்டார் என்பதையும் முன்பு சொல்ல விட்டுவிட்டேன். வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விடயமா அது?

பதில் 7: ஓய்வுபெற்ற கதிர்ப்படப்பிடிப்பாளர்

மச்சான் சொல்வதில் பாதி சரி. ஐ.வி.யு. பழையதுதான். 1906இல் ஜேர்மனியில் பொல்க்கரும் லிச்ரன்பேர்க்கும் வெள்ளிக் கரைசலைச் சிறுநீர்க்கானுக்குள் கீழிருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள், ஆபத்தான வேலை. 1923இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில், சிபிலிஸ் நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்த சோடியம் அயடைட்டு அவர்களின் சிறுநீர்ப்பையை எக்ஸ்ரேயில் தெரிய வைப்பதைக் கவனித்தார்கள். அந்த வழியில் போய், மொசஸ் சுவிக் என்ற இளம் வைத்தியர் லிச்ரன்பேர்க்கின் பேர்லின் பிரிவில் வேலை செய்து 1929இல் யூரோசெலெக்ரான் என்ற மருந்தால் நாளத்தின் வழியே தெளிவான படத்தைக் காட்டினார். அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகமெங்கும் சிறுநீர்த் தொகுதியைப் பார்க்கும் முதன்மை வழி இதுவே.

இப்போது கல்லைத் தேட மருந்தேற்றாத சி.ரி. ஸ்கான்தான் முதல் தெரிவு. ஊசியும் இல்லை, பேதியும் இல்லை, சில விநாடிகளில் முடிந்துவிடும், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் அதில் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதிர்வீச்சுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஐ.வி.யு. முழுவதற்கும் ஏறத்தாழ 3 மில்லிசீவேட், அதாவது இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் அளவுக்குக் கிட்ட. மருந்தேற்றி மூன்று கட்டமாக எடுக்கும் சி.ரி. யூரோகிராமுக்கு அதைப்போல் பல மடங்கு. 58 வயதுக்காரருக்கு அது பெரிய விடயமல்ல, இளம் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில், நன்றாக எடுத்த ஐ.வி.யு. ஒன்று அவசரமாக எடுத்த சி.ரி.யைவிட அடைப்பின் போக்கைத் தெளிவாகக் காட்டும். மருந்து நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிப் போவதைப் பார்க்கிறோம் அல்லவா.

எம்.ஆர்.ஐ. விடயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உடலில் ஷெல் துண்டு உள்ளவர் அதைச் சொல்லாமல் அந்த இயந்திரத்துக்குள் போகக் கூடாது. அந்தக் காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும், சூடாக்கவும் கூடும். எல்லாத் துண்டும் ஆபத்தல்ல, பல வருடம் தசைக்குள் தழும்பு சூழ்ந்து கிடப்பது பெரும்பாலும் அசையாது. ஆனால் கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் முடிவு வேறாகும். அதை எக்ஸ்ரே படத்தை வைத்துக் கதிரியல் நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லைத் தேடுவதற்கு எம்.ஆர்.ஐ. எப்படியும் சிறந்த வழியல்ல, கல் அதில் நேரடியாகத் தெரியாது.

பதில் 8: கிளினிக் வைத்தியர், வவுனியா

ஐயாவின் கடைசிக் கருத்தில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்கும் உடன்பாடு. ஐ.வி.யு. பாதையை நன்றாகக் காட்டும், ஆனால் சிறுநீரகத்தின் சதைக்குள் இருக்கும் சிறிய கட்டியையும் பையின் சுவரில் முளைக்கும் சிறு கட்டியையும் அது எளிதில் தவறவிடும். சி.ரி. கிடைக்கும் இடத்தில் இரத்தம் கலந்த சிறுநீருக்கு நான் சி.ரி. யூரோகிராமைத்தான் கேட்பேன். அதற்காக, கிடைத்திருக்கும் ஐ.வி.யு. திகதியைக் கைவிட்டு, கடன் வாங்கித் தனியாரிடம் ஓடச் சொல்ல மாட்டேன்; விரிந்திருக்கும் சிறுநீரகம் நெடுநாள் அடைபட்டுக் கிடப்பதுதான் இப்போது பெரிய பாதிப்பு. காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் திகதி வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று ஏறினால் மணித்தியாலக் கணக்கில் நிலைமை மோசமாகும். அங்கே படத்தைவிட, முதுகுப் பக்கத்தாலோ கீழிருந்தோ குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றுவதே முதல் வேலை.

சுருட்டைப் பற்றிக் கேட்டது மிக முக்கியமான கேள்வி. புகையிலையின் நச்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வடிந்து, பையின் உட்சுவரோடு மணிக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அறியப்பட்ட காரணங்களுள் புகைத்தலே முதன்மையானது, நிறுத்திய பின்னும் அந்த ஆபத்து உடனே போய்விடாது. கல் அகப்பட்டால் இரத்தத்துக்குக் காரணம் கல்தான் என்று எல்லோரும் ஆறுதலடைந்துவிடுவார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆயினும் 50 வயதைக் கடந்த, புகைத்த ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போயிருந்தால், படம் எதைக் காட்டினாலும், ஒன்றும் காட்டாவிட்டாலும், சிறுநீர்ப்பைக்குள் கமராக் குழாய் விட்டு ஒரு தடவை நேரே பார்ப்பது அவசியம். அப்பாவின் கிளினிக் கொப்பியில் புகைத்தல் பற்றி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிளினிக்கில் நீங்களே சொல்லி எழுதுவித்து, கமராப் பரிசோதனைக்குத் திகதி எப்போது என்று கேளுங்கள்.